குடிக்காத கந்தப்பனுக்குக் கட்டிய கயிறு

எங்கள் திருச்செங்கோட்டில் ஒருவருக்கு வயிறு வீங்கினால், அவர் டாக்டரிடம் போய்ச் சேரும் முன்பே நோய் என்னவென்று ஊருக்குத் தெரிந்துவிடும். டீக்கடையில் நான்கு பேர் கூடினால் போதும். ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, வெறும் வயிற்றில் வரச் சொல்ல மாட்டார்கள், டோக்கனும் கிடையாது. போர்வெல் ஏஜென்ட் கந்தப்பனுக்கு வயிறு முன்னே வந்து, இரண்டு காலும் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனபோதும் தீர்ப்பு அப்படித்தான் உடனே வந்தது. குடி, வேறென்ன என்றார்கள்.

இதில் ஒரே ஒரு சிக்கல்தான். கந்தப்பன் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு குடித்ததில்லை.

இதை நான் யாரோ சொல்லிக் கேட்டுச் சொல்லவில்லை. அவருடைய ஆபீஸுக்கும் என்னுடைய பேட்டரிக் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவர் தொழில் இப்படி: தோட்டத்துக்காரருக்கு ஆழ்குழாய்க் கிணறு வேண்டுமென்றால் கந்தப்பனிடம் வருவார். கந்தப்பன் துளை போடும் ரிக் வண்டியைப் பிடித்து, ஆளைச் சேர்த்து, கூடவே போய் நின்று ஓட்டிக் கொடுப்பார். தண்ணீர் வந்தால் சந்தோஷத்தில் பாருக்குக் கூப்பிடுவார்கள். வெறும் புழுதி வந்தால் துக்கத்தில் பாருக்குக் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் போய்த்தான் ஆக வேண்டும். போகாவிட்டால் அடுத்த கிணறு வேறு ஏஜென்டுக்குப் போய்விடும். அங்கே எல்லோரும் மிதக்கும்போது இவர் மட்டும் பன்னீர் சோடாவும் கடலையுமாக உட்கார்ந்திருப்பார். முடிந்ததும் எல்லோரையும் ஒவ்வொரு வீடாக இறக்கிவிட்டுவிட்டு வருவார்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். குடிக்காதவர்களில் இரண்டு வகை உண்டு. தான் குடிக்காததைத் தன்னோடு வைத்துக்கொள்கிறவர்கள் ஒரு வகை. கந்தப்பன் மற்ற வகை. மறுநாள் காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, யார் எங்கே விழுந்தார், யார் யாரைக் கட்டிப்பிடித்து அழுதார், யாருடைய வேட்டி யாரிடம் இருந்தது என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் குடியின் தீமை பற்றி ஒரு சொற்பொழிவும் ஆற்றிவிட்டுத்தான் எழுந்திருப்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கதையின் நாயகர்கள். ஆகவே கந்தப்பனின் வயிறு வீங்கியபோது ஊரில் பலருக்கு உண்மையிலேயே மனம் குளிர்ந்தது. நோம்பி சாட்டித் திருவிழா தொடங்கியது போல் ஒரு சுறுசுறுப்பு வந்தது.

முதலில் பார்த்த டாக்டர் வயிற்றைத் தட்டினார். தட்டியதும் கேட்டார், "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

"குடிக்கறதில்லீங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க," என்று சிரித்துக்கொண்டே எழுதினார்.

வயிற்று ஸ்கேனில் கல்லீரல் வீங்கியிருப்பதும் வயிற்றுக்குள் நீர் கோத்திருப்பதும் தெரிந்தன. ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். எடுத்த நீர் திரும்பச் சேர்ந்தது. இரண்டாவது டாக்டர் முதல் டாக்டரின் சீட்டைப் படித்துவிட்டு அதே கேள்வியை இன்னும் உறுதியாகக் கேட்டார். மூன்றாவது டாக்டரிடம் கந்தப்பன் குரலை உயர்த்திவிட்டார். குடியைத் திடீரென்று நிறுத்தினால் இப்படிக் கோபம் வரும் என்று அந்த டாக்டர் வீட்டாருக்குத் தனியாக விளக்கம் கொடுத்தார். கந்தப்பன் பேசினாலும் குடி, பேசாவிட்டாலும் குடி என்று ஆகிவிட்டது.

ஊர் சொன்னதில் அவருக்குக் கோபம்தான். வலி வேறு இடத்தில் இருந்தது. மனைவி சௌந்திரம், நீங்கள் குடிக்கிறீர்கள் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. குடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. யார் வந்து கேட்டாலும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். கந்தப்பன் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி இதையேதான் சொல்வார்.

"ஊரு என்ன வேணாலும் பேசிட்டுப் போவுட்டுங்க. இவ ஒரு வார்த்தை, எங்கூட்டுக்காரரு குடிக்க மாட்டாருன்னு சொன்னா என்னங்க? வாயில என்ன கொழுக்கட்டையா இருக்குது?"

நான் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் சௌந்திரத்தின் தம்பி தீனதயாளன் களத்தில் இறங்கினார். குமாரபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருக்கிறவர். குடியை விடுவதில் எங்கள் வட்டாரத்தில் அவரைவிட அனுபவசாலி கிடையாது. பலமுறை விட்டிருக்கிறார். சங்ககிரிப் பக்கம் காட்டுக்குள் ஒரு முனியப்பன் இருக்கிறார். குடிகாரரைக் கூட்டிப்போய்ச் சாமி முன்னால் நிறுத்தி, இனிமேல் தொட மாட்டேன் என்று சொல்ல வைத்து, விரல் நீள இரும்பு வேல் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து வலது புஜத்தில் பூசாரி கட்டிவிடுவார். அடுத்த வருஷத் திருவிழாவில் பூசாரிதான் அவிழ்க்க வேண்டும். நடுவில் குடித்தால் முனி அடிக்கும். நடுவில் வேறு யாராவது அவிழ்த்தால் அது பொண்டாட்டியின் தாலிக்கு ஆகாது. தீனதயாளன் புஜத்தில் அந்தக் கயிறு ஏறி இறங்கிய தடம் இன்னும் இருக்கிறது.

"மச்சான் மானத்துக்குப் பயந்துட்டு மறைக்கறாரு அக்கா. நாம்பளே கூட்டிட்டுப் போயிக் கட்டிப்போடலாம்," என்றார் அவர்.

கந்தப்பன் முடியாது என்று குதித்தார். சௌந்திரம் தான் சாப்பிடுவதை நிறுத்தினார். மறுநாளும் சாப்பிடவில்லை. அதற்கு மேல் கந்தப்பன் என்ன செய்வார், காரில் ஏறி உட்கார்ந்தார்.

கோயிலில் பூசாரி சென்றாயன், "இன்னையிலிருந்து தொட மாட்டேன்னு சொல்லுங்க," என்றார்.

"நேத்தும் தொட்டதில்லீங்க," என்றார் கந்தப்பன்.

"நேத்து நடந்தது சாமிக்கு எதுக்குங்க? இன்னையிலிருந்துன்னு சொல்லுங்க."

சொன்னார். அதில் பொய் ஒன்றுமில்லையே. ஆனால் மூன்று முடிச்சு விழுந்து கற்பூரம் அணைவதற்குள், தீனதயாளன் படம் எடுத்து, 'மச்சான் குடியை விட்டார்' என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டார். கட்டைவிரல்களும் கும்பிடும் கைகளும் மளமளவென்று குவிந்தன. இல்லாத குற்றத்தைக் கந்தப்பன் சாமி சாட்சியாக ஒப்புக்கொண்டாயிற்று.

கயிறு கட்டியும் வயிறு வற்றவில்லை. வற்றாததற்குக் காரணமும் ஊரிடம் தயாராக இருந்தது: கயிற்றோடேயே குடிக்கிறார். முன்பு குடிகாரர் மட்டும்தான். இப்போது சாமியையும் ஏமாற்றுகிறவர்.

சமதரையில் நடந்தாலே மூச்சு வாங்கும் நிலை வந்தபோது அவரையும் சௌந்திரத்தையும் என் காரில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போனேன். துணைக்கு வருகிறேன் என்று தீனதயாளனும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தமிழரசு என்று ஓர் இதய டாக்டர். இளவயதுக்காரர். கந்தப்பன் உள்ளே நுழைந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, "நான் குடிக்கறதில்லீங்க," என்று ஆரம்பித்தார்.

"நான் கேக்கவே இல்லையே," என்றார் டாக்டர்.

அவர் வயிற்றைப் பார்ப்பதற்கு முன் கழுத்தைப் பார்த்தார். அதுவரை பார்த்த யாருக்கும் அந்த வயிற்றுக்கு மேலே ஒரு கழுத்து இருப்பது தெரியாமலே போயிருந்தது. கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. மூச்சை இழுக்கச் சொன்னார். மூச்சை இழுக்கும்போது அது அடங்குவதற்குப் பதில் இன்னும் புடைத்தது. டாக்டர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முன்னாடி எப்பவாவது டி.பி. வந்திருக்கா?"

வந்திருந்தது. ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் அலைந்த காலத்தில் இருமலும் காய்ச்சலும் வந்து, மாத்திரை கொடுத்து, கொஞ்ச நாளிலேயே உடம்பு தேறிவிட்டது என்று இவராகவே மாத்திரையை நிறுத்தியிருந்தார். குடிக்காத பெருமையைப் பேசுவதில் இருந்த கவனத்தில் பாதி அந்த மாத்திரையில் இருந்திருக்கலாம். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் நிதானமாகச் சொன்னார். இதயத்தைச் சுற்றி ஒரு ஜவ்வு உறை உண்டு. மெல்லியது, வழுவழுப்பானது, இதயம் விரியும்போது அதுவும் இடம் கொடுக்கும். பழைய நோயினால் அந்த உறை தடித்து இறுகிப்போயிருக்கலாம். அப்படி இறுகினால் இதயம் விரிய முடியாது, உள்ளே வரவேண்டிய ரத்தம் வர இடமில்லாமல் பின்னால் தேங்கும். கல்லீரல் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், கால் வீங்கும். பார்க்கிறவர்களுக்குக் குடிகாரர் போலவே இருக்கும்.

கந்தப்பன் அதைத் தன் கிணற்றுத் தொழிலுக்கு மாற்றிப் பார்த்தார். "மோட்டார் நல்லாத்தான் இருக்குது. கேசிங் பைப்பு நசுங்கி மோட்டாரைப் புடிச்சுக்கிச்சு. அப்படித்தானுங்களே?"

"கிட்டத்தட்ட அதேதான். ஆனா இது என் சந்தேகம்தான். எக்கோவுல சரியாத் தெரியலை. எம்.ஆர்.ஐ. எடுத்தா ஜவ்வு எவ்வளவு தடிச்சிருக்குன்னு தெரியும். அதுல புண் மாதிரி வீக்கம் இன்னும் இருந்தா மாத்திரையிலயே பாக்கலாம். காய்ஞ்சு இறுகிப்போச்சுன்னா நெஞ்சைத் திறந்து உரிச்சு எடுக்கணும். தள்ளிப்போட்டா இதயத்துக்கும் கல்லீரலுக்கும் நல்லதில்லை. இன்னைக்கே எடுத்துடுங்க."

ஸ்கேன் அறைக்கு வெளியே நர்மதா என்ற பெண் சட்டையைக் கழற்றச் சொல்லி நீல அங்கியைக் கொடுத்தார். மோதிரம் வந்தது, கடிகாரம் வந்தது, இடுப்பிலிருந்து வெள்ளி அரைஞாண் வந்தது. எல்லாம் ஒரு தட்டில் விழுந்தன. பிறகு புஜத்தைப் பார்த்தார்.

"இந்தக் கயிறு? வேல் இரும்பா? கழட்டிடுங்க. உள்ள இருக்கிறது பெரிய காந்தம், பிடிச்சு இழுத்துடும்."

சௌந்திரம் ஓடிவந்து கணவரின் புஜத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "அதை அவுக்கக் கூடாதுங்க. இன்னும் வருசம் திரும்புலீங்க."

தீனதயாளன் சமரசத்துக்கு வந்தார். "பஞ்சு வெச்சு பிளாஸ்டர் போட்டு மறைச்சுக்கலாமுங்களே?"

"பிளாஸ்டர் போட்டா இரும்பு இல்லேன்னு ஆயிடுமா சார்?"

"சரி, ஒரு பத்து நிமிசம் காந்தத்தை அமத்தி வெச்சுக்குங்க. படத்தை எடுத்துட்டு மறுக்கா போட்டுக்கலாம்."

"இது ஃபேன் இல்லை சார். எப்பவும் ஓடிட்டுத்தான் இருக்கும்."

"கரண்டு போச்சுன்னா?"

"போனாலும் இழுக்கும்."

தீனதயாளன் அந்தக் கதவைப் பார்த்த பார்வையில் முதல் முறையாகக் கொஞ்சம் பக்தி தெரிந்தது. ஆனால் விடவில்லை. அக்காவைத் தள்ளி நிறுத்தி, என் காதிலும் விழும்படி, "கயித்தை அவுத்தா மச்சான் இங்கிருந்து நேரா கடைக்குத்தான் போவாரு," என்றார். நிற்கவே முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதரைப் பற்றித்தான் இதைச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில், பூசாரிக்குப் போனைப் போடுங்கள் என்று கத்திவிட்டேன். நர்மதா உதட்டில் விரல் வைத்தார்.

முனியப்பன்கூட அவ்வளவு நேரம் காக்க வைக்க மாட்டார். ஒருவழியாகச் சென்றாயன் போனை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னேன். இந்த மனிதர் குடித்ததே இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். கெடா கேட்பார், பரிகாரம் சொல்வார் என்று நினைத்தேன்.

"குடிக்கறவனுக்குக் கட்டுனாத்தாங்க அது காவல்," என்றார் அவர். "குடிக்காதவனுக்குக் கட்டுனா வெறுங் கயிறு. யாரு வேணாலும் அவுத்துப் போடலாம், ஒரு தோசமும் கெடையாது. ஆனா அதை நீங்க சொல்லக் கூடாது, அவருஞ் சொல்லக் கூடாது. ஊட்டுக்கார அம்மா சொல்லோணும். அம்மிணி, சாமி முன்னால நிக்கறதா நெனச்சுட்டுச் சொல்லு. உம் புருசன் குடிச்சாரா, இல்லியா?"

"அக்கா, பொய் சொல்லிப்போடாதே. தாலி," என்றார் தீனதயாளன்.

சௌந்திரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். கந்தப்பன் அவரைப் பார்க்கவில்லை. நீல அங்கிக்குள் வயிறு ஏறி இறங்க, தண்ணீர் கேனுக்கு மேலே ஒட்டியிருந்த நோட்டீஸைப் படிப்பது போல நின்றார். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஸ்கேன், டாக்டர், ஜவ்வு எல்லாம் அப்போது அவருக்கு இரண்டாம்பட்சம்.

"இல்லீங்க," என்றார் சௌந்திரம்.

பிறகு யாரும் கேட்காமலே சொன்னார். "எங்கப்பன் குடிச்சே செத்தாருங்க. எனக்கு அந்த வாசம் நல்லாத் தெரியும். கண்ணாலம் ஆன நாள்ல இருந்து, இவரு ஊட்டுக்கு வந்தா சோத்தைப் போடறதுக்கு முந்தி கிட்ட நின்னு மோந்து பாத்துருவனுங்க. பாருக்குப் போயிட்டு வந்தாலும் மோந்து பாப்பேன். சட்டையில அடிக்குமுங்க. வாயில ஒரு நாளும் அடிச்சதில்லீங்க."

"அப்பறம் என்ன அம்மிணி, அவுத்துப் போடு," என்று சென்றாயன் போனை வைத்துவிட்டார்.

கந்தப்பன் மெதுவாகத் திரும்பினார். "தெரிஞ்சுட்டேதான் கயிறு கட்ட உட்டியா?"

சௌந்திரத்துக்கு அழுகை வந்துவிட்டது. "டாக்டரு சொல்றாரு, தம்பி சொல்றான், ஸ்கேன் படத்துல வேற தெரியுதுங்கறாங்க. அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னா எம் மூக்கு மேலயே எனக்குச் சந்தேகம் வந்துருச்சுங்க. நான் ஒருத்தி இல்லீன்னு சொன்னா யாரு கேப்பாங்க?"

கந்தப்பன் கையை நீட்டினார். முடிச்சு இறுகிக் கிடந்தது, நர்மதா கொடுத்த கத்திரியால் சௌந்திரமே வெட்டி எடுத்தார். முனி எதுவும் செய்யவில்லை.

நெஞ்சில் பட்டைகளை ஒட்டி, மேலே ஒரு கூண்டு போல வைத்துக் கட்டி, உள்ளே தள்ளினார்கள். மல்லாந்து படுத்தாலே மூச்சு முட்டுகிறவரிடம், மூச்சை இழு, விடு, நிறுத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். நடுவில் கையில் மருந்து ஏற்றினார்கள். அந்த மெஷின் போட்ட சத்தத்தில் கதவுக்கு வெளியே நாங்களே காதைப் பொத்திக்கொண்டோம். வெளியே வந்தவர் வியர்த்து நனைந்திருந்தார். பயமாக இருந்ததா என்று கேட்டேன். "சத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நம்ம கம்ப்ரசர் இதைவிடக் கத்தும். மூச்சைப் புடிக்கறதுதான் உசுரு போயிப் போயி வந்துச்சு," என்றார்.

மாலையில் டாக்டர் தமிழரசு படங்களைத் திரையில் ஓடவிட்டார். இதயம் கறுப்பு வெள்ளையில் துடித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு மெல்லிய கோடாகத் தெரிய வேண்டிய ஜவ்வு, தடித்த பட்டையாக இருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தது. இடம் போதாமல் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்றார். மருந்து ஏற்றிய பிறகும் ஜவ்வு பளிச்சென்று ஆகவில்லை. அப்படியென்றால் வீக்கம் இல்லை, காய்ந்து இறுகிவிட்டது, மாத்திரைக்கு வேலை இல்லை.

"அப்ப குடியில்லீங்களே?" என்றார் கந்தப்பன்.

"குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. நெஞ்சைத் திறக்கணும்னு சொல்றேன், அது காதுல விழுந்துச்சா?"

விழவில்லை என்றுதான் நினைக்கிறேன். பல மாதம் கழித்து ஒரு டாக்டர் வாயால் கேட்டதில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடந்தது. நெஞ்சு எலும்பைப் பிளந்து, அந்தப் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து எடுத்தார்கள். சௌந்திரம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். கந்தப்பன் பிழைத்தார். நீர் வற்றியது, கால் வற்றியது, வயிறு பழையபடி வேட்டிக்குள் அடங்கியது.

இனி ஊர் வாயை மூடிக்கொள்ளும் என்று நான் நினைத்தேன். ஊரை எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. வயிறு வற்றியதற்கு ஊரிடம் காரணம் இருந்தது: கயிறு கட்டிக் குடியை விட்டதால் வற்றியது. அந்த ஆபரேஷன் எதற்கு என்று கேட்டால், அதுவும் ஒரு பக்கம் நடந்தது என்றார்கள். தீனதயாளன் ஒருபடி மேலே போய், கயிற்றை அவிழ்ப்பதற்குள் வேலின் சக்தி உடம்பில் இறங்கிவிட்டது என்று விளக்கினார்.

போன ஆவணியில் தீனதயாளன் வீட்டுக் காதுகுத்து. குமாரபாளையத்தில் மண்டபம், கெடா விருந்து. கந்தப்பனும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தோம். தீனதயாளன் ஒரு தள்ளாடும் ஆளைத் தோளில் கைபோட்டுக் கூட்டிவந்து கந்தப்பன் முன்னால் நிறுத்தினார். பட்டறையில் வேலை செய்யும் மாரியப்பனாம்.

"இவரை நல்லாப் பாத்துக்க மாரியப்பா. குடிச்சுக் குடிச்சு வயிறு இத்தாசோடு பெருசா இருந்துச்சு. கயிறு கட்டி நிறுத்துனாரு. இப்ப எப்படி இருக்காரு பாரு. மச்சான், நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

கந்தப்பன் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுத் தயாரானார். அதற்குள் எதிர் வரிசையில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த சௌந்திரம் வாளியைத் தரையில் வைத்தார்.

"அவரு குடிச்சதில்லீங்க," என்றார். பந்தி முழுக்கக் கேட்டது. "ஒரு நாளும் குடிச்சதில்லீங்க. நான் சொல்றனுங்க. எந்தச் சாமி முன்னால வேணாலும் நின்னு சொல்றேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. தீனதயாளன் மாரியப்பனின் தோளிலிருந்து கையை எடுத்தார். எனக்கு அடுத்த இலையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் மெச்சுதலாகத் தலையை ஆட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"பாத்தீங்களா, பொண்டாட்டின்னா இப்படி இருக்கோணும். அத்தனை பேருக்கும் தெரிஞ்ச விசயம். இருந்தாலும் கட்டுன புருசனை உட்டுக் குடுக்குதா பாருங்க."

பந்தியே ஆமாம் என்றது. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்று எம்.ஆர்.ஐ., ஜவ்வு, டி.பி. எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்துவிடுவது என்று இலையை மடிக்கப் போனேன். கந்தப்பன் எச்சில் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் கண் சௌந்திரத்தின் மேலேயே இருந்தது.

"உடுங்க," என்றார். "அவ சொல்லிப்போட்டா."